முதலில் குரல், அப்புறம் பேஸ்

சின்ன ஸ்பீக்கர்கள் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டேன். கீழ்ச் சுருதிக்கு 5 அல்லது 6 அங்குல வூஃபர் ஒன்று, அதற்கு மேலே உயர்ந்த சுருதிக்கு டுவீட்டர் ஒன்று, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பெட்டி. இந்த வகையைத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் பலரும் கேட்டிருக்கிறீர்கள். மைக்செட் வேலையில் தொடங்கி, ஸ்பீக்கர் பழுது பார்ப்பதே பிழைப்பாகிப்போன எனக்கு இதில் உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. சின்ன ஸ்பீக்கரின் வேலை மனிதக் குரலை மனிதக் குரலாகவே கொடுப்பது. அதைச் செய்யாத பெட்டி எத்தனை வாட் என்றாலும் என் வீட்டுக்குள் வராது.

எங்கள் ஹால் 12க்கு 10 அடி. புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு ஸ்பீக்கரையும் படுக்க வைத்திருக்கிறோம். செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது. சப்வூஃபர் ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரத் தம்பி. வாங்கலாமா ஐயா?
ஆசிரியை, தருமபுரி

வேண்டாம் டீச்சர். உங்கள் வீட்டில் பேஸ் குறைவாக இல்லை. வேண்டாத இடத்தில் அதிகமாக இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், புரிந்துவிட்டால் சரிசெய்வது சுலபம். 20 செ.மீ. அகலப் பெட்டி என்றால், உயர்ந்த சுருதி ஒலியெல்லாம் நேராக முன்பக்கம் வரும். சுமார் 575 ஹெர்ட்ஸை (நொடிக்கு 575 அதிர்வு) ஒட்டி நிலைமை மாற ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க ஒலி அலை பெட்டியைவிட நீளமாகிவிடுவதால், பெட்டியைச் சுற்றி வளைந்து பின்பக்கமும் போய்விடும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பகுதியில் 6 டெசிபல் வரை நஷ்டம். இது ஸ்பீக்கர் செய்பவர்களுக்குத் தெரியும். அதனால் வூஃபருக்கும் டுவீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் போர்டிலேயே மேல் பகுதியைக் கொஞ்சம் தணித்துச் சமன் செய்துவிடுவார்கள். சுவரைவிட்டுத் தள்ளி, ஸ்டாண்டின் மேல் வைத்துக் கேட்பதற்கான கணக்கு அது.

நீங்கள் அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டீர்கள். பின்னால் போன ஒலியைச் சுவரும் பலகையும் அப்படியே முன்னால் திருப்பி அனுப்புகின்றன. செய்தவர் ஏற்கனவே சமன் செய்து வைத்ததன் மேல் இதுவும் சேர்கிறது. ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். வீங்கியிருப்பது சரியாக அந்த இடம்தான். போதாததற்குப் பெட்டியின் பின்னால் ஒரு குழாய் ஓட்டை இருந்தால், அது வெளியே விடும் காற்றும் தட்டுக்குள்ளேயே சுழலும். இதற்கு மேல் சப்வூஃபரும் சேர்ந்தால் செய்தியை டிவியில் எழுத்தோட்டமாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலையாக இரண்டையும் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் என்ன கெடுகிறது என்பதைப் பென்னாகரம் கடிதத்துக்கான பதிலில் விவரமாகச் சொல்கிறேன். அடுத்து, உட்கார்ந்தால் உங்கள் காது வரும் உயரத்தில் டுவீட்டர் இருக்கும்படி மேல்தட்டுக்கு மாற்றுங்கள். பெட்டியின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி இருக்கட்டும், உள்ளே தள்ளிப் போகக் கூடாது. பக்கத்துக் காலியிடத்தில் புத்தகங்களை நெருக்கமாக அடுக்குங்கள். பின்பக்கம் குழாய் ஓட்டை இருந்தால் ஒரு பருத்தி சாக்ஸைச் சுருட்டி அதில் செருகிப் பாருங்கள். பேஸ் குறையும், ஆனால் குரல் தெளிந்துவிடும். அப்புறம் தருமபுரி பண்பலையில் யாராவது பேசுவதைப் பத்து நிமிடம் கேளுங்கள். பேசுகிறவருக்கு நெஞ்சு மட்டும் இல்லாமல் வாயும் உதடும் இருப்பது தெரிந்தால் இடம் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. உங்கள் சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தால் ஓர் அடியாவது முன்னால் இழுத்துப் போடுங்கள். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஓர் அதிர்வு அடங்காமல் தங்கி நிற்கும். சுவர் ஓரத்தில்தான் அது மிகப் பலமாகக் கேட்கும்.

பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வெட்டி ஒதுக்கும் துண்டுகள் நிறையக் கிடைக்கின்றன. கனமான கல்லில் பெட்டி செய்தால் அதிராது, சத்தம் சுத்தமாக இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா அண்ணா?
வாசகர், பர்கூர்

தம்பி, பட்டறையில் 2 செ.மீ. கனமுள்ள நீளத் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்துவிட்டு மெல்லத்தான் அடங்கும். பெட்டிச் சுவர் அப்படி ஒலிக்கக் கூடாது. தட்டினால் 'டொப்' என்று செத்துவிட வேண்டும். கனம் வேறு, அதிர்வை விழுங்குவது வேறு. கல்லுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை.

இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பிபிசி பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துப் பேச்சின் தரத்தைச் சரிபார்க்க எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். உயரம் 30 செ.மீ.தான். உள்ளே கெஃப் நிறுவனத்தின் 5 அங்குல வூஃபரும் டுவீட்டரும். பெட்டி தடித்த பலகையில் இல்லை, மெல்லிய பிர்ச் பிளைவுட்டில் செய்தது. உட்சுவரில் தார் கலந்த பட்டைகளை ஒட்டினார்கள். மெல்லிய சுவரின் அதிர்வு கீழ்ச் சுருதிக்கு இறங்கிவிடும், அங்கே தார்ப் பட்டை அதை விழுங்கிவிடும். குரலுக்கு முக்கியமான நடுப்பகுதி சுத்தமாகக் கிடைக்கும். கனத்தைக் கூட்டாமலே காரியத்தை முடித்தார்கள். இன்றைக்கும் அந்த ஸ்பீக்கரைக் குரலுக்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் துண்டுகளை வீணாக்காதீர்கள். ஸ்டாண்டுக்கு அடித்தளமாக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. 30க்கு 30 செ.மீ., 2 செ.மீ. கனம் என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ. ஒரு தேக்குக் காலோ இரும்புக் குழாயோ நிறுத்தி அடியில் இந்தக் கல்லைப் போட்டால், குழந்தைகள் இடித்தாலும் சாயாது. கல்லுக்கும் தரைக்கும் நடுவே நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வையுங்கள். உயரத்தைக் கடையில் விற்கும் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்குக் காது தரையிலிருந்து ஒரு மீட்டர் வாக்கில் இருக்கும், பாயில் உட்கார்பவருக்கு ஓர் அடி குறையும். நம் வீடுகளில் பாதிப்பேர் பாயில்தான் உட்கார்கிறோம். வீட்டில் யார் எங்கே உட்கார்வார்கள் என்று பார்த்துக் காலை அறுங்கள்.

50 வாட் ஆம்ப் வைத்திருக்கிறேன், சத்தம் போதவில்லை. 100 வாட் வாங்கினால் இரண்டு மடங்கு சத்தம் வருமா?
வாசகர், ஓசூர்

வராது. வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். 'கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள் போல' என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகக் காதுக்குப் பட வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும்.

ஸ்பீக்கரின் பின்பக்கம் அல்லது கையேட்டில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் போட்டிருக்கும், 84 டெசிபல், 87 டெசிபல் என்று. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த சத்தம் அது. 84 ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுப்பதும் 87 ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும் ஒன்றுதான். அப்படியானால் எல்லோரும் 90க்கு மேல் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் சென்சிடிவிட்டி, இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே ஸ்பீக்கரில் கிடைக்கும். சின்னப் பெட்டியில் பேஸும் வேண்டும் என்று கேட்டீர்கள், செய்தவர் சென்சிடிவிட்டியை விட்டுக்கொடுத்தார். விளம்பரத்தில் மூன்றும் உண்டு என்று போட்டிருந்தால் அந்த அட்டைப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்பா தெருக்கூத்து வாத்தியார். அவர் குழு ஆடிய கூத்துகளின் பதிவுகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. சில ஸ்பீக்கரில் முகவீணை (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகருவி) காதைக் குத்துகிறது. சிலவற்றில் எங்கேயோ பக்கத்து ஊரில் வாசிப்பது போலக் கேட்கிறது. அப்பா கண்ணை மூடிக் கேட்க நினைக்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
வாசகி, பென்னாகரம்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. நம் பக்கத்துக் கூத்தைவிடக் கடினமான பரீட்சை எந்த ஸ்பீக்கருக்கும் வைக்க முடியாது. ஆர்மோனியம் நிரப்பிக்கொண்டே இருக்கும், மிருதங்கம் அடியில் அதிரும், தாளம் மேலே சிதறும், இத்தனைக்கும் நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச வேண்டும், முகவீணை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வர வேண்டும். விலை உயர்ந்த பெட்டிகள்கூட இதில் திணறுவதை என் கடை பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

ஏன் திணறுகிறது? நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. முகவீணையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவதும் அங்கேதான். இந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் வூஃபர் வேலையை முடித்து டுவீட்டரிடம் கொடுக்கும் இடமும் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ். காது எங்கே கூர்மையோ அங்கேயே கைமாற்றம் நடக்கிறது.

கைமாற்றம் இரண்டு விதத்தில் கெடும். முதலாவது அகலத்தில். ஆறரை அங்குல வூஃபர் 1,700 ஹெர்ட்ஸ் தாண்டினாலே ஒலியைக் குறுக்கி நேராக அனுப்பத் தொடங்கும். ஓர் அங்குல டுவீட்டரோ 2,500 ஹெர்ட்ஸில் அறை முழுக்க விரித்துப் பரப்பும். நேர் எதிரே உட்கார்ந்தால் சரியாக இருக்கும், பக்கவாட்டில் நகர்ந்தால் முகவீணையின் அடிப்பகுதி மெலிந்து முனை மட்டும் மிஞ்சும். அதுதான் குத்துகிறது. 5 அங்குல வூஃபரில் இந்தத் தொல்லை குறைவு. டுவீட்டரைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு குழிவு வைத்துச் செய்பவர்கள் இதைச் சமாளிக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

இரண்டாவது உயரத்தில். 2,500 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் 14 செ.மீ. மட்டுமே. வூஃபரிலிருந்து காதுக்கும் டுவீட்டரிலிருந்து காதுக்கும் உள்ள தூரத்தில் 7 செ.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, அந்தச் சுருதியே காணாமல் போகும். கிட்டத்தில் எழுந்து நின்றால் இந்த வித்தியாசம் வந்துவிடலாம். நீங்கள் சொல்லும் 'பக்கத்து ஊர்' முகவீணை இதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியைப் படுக்க வைத்தால் இந்தக் கோளாறு பக்கவாட்டுக்கு வந்துவிடும். நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒரு முகவீணை, அடுத்த நாற்காலிக்காரருக்கு வேறு முகவீணை. தருமபுரி டீச்சருக்கு நான் சொன்னது இதைத்தான்.

அதனால் கடைக்குப் போகும்போது அப்பாவின் பதிவை எடுத்துப் போங்கள், முடிந்தால் அப்பாவையும். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதைப் போட்டால் பெட்டி நன்றாக ஒலிக்கும் என்று தெரிந்துதான் போடுவார். கட்டியங்காரன் பேசும் இடத்தை எடுங்கள். மெதுவான சத்தத்தில் வையுங்கள், வீட்டில் பேசும் அளவுக்கு. சொல் விளங்குகிறதா? பிறகு முகவீணை வரும் இடம். உட்கார்ந்து கேளுங்கள், எழுந்து நின்று கேளுங்கள், பக்கவாட்டில் நான்கு அடி நடந்து கேளுங்கள். ஒலியின் நிறம் லேசாக மாறலாம், ஆள் மாறக் கூடாது. கடைசியில் அரை மணி நேரம் விடாமல் ஓடவிடுங்கள். அப்பா தானாகவே சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

இரண்டு ஸ்பீக்கர் உங்களுக்குச் சமமாகப் பட்டால், கண்ணை மூடியபடி அப்பா எதற்குத் தாளம் போடுகிறார் என்று பாருங்கள். அதை வாங்குங்கள்.

தச்சு வேலை தெரியும். 5 அங்குல வூஃபர், டுவீட்டர் செட் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே மாமரப் பலகை மலிவு. அதில் பெட்டி செய்யலாமா? அளவு, குழாய் நீளம் சொன்னால் உதவியாக இருக்கும்.
வாசகர், போச்சம்பள்ளி

மாமரம் பார்க்க அழகு, பெட்டிக்கு ஆகாது. முழு மரம் மழைக்காலத்தில் விரியும், பங்குனி வெயிலில் சுருங்கும். மூட்டில் ஒரு நூல் இடைவெளி விட்டாலும் காற்று சீறும். 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது நல்ல பிளைவுட் எடுங்கள். ஆசைக்கு வெளியே மாமரத்தை மெல்லிய பட்டையாக அறுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

அளவுக்கு வருவோம். வூஃபரோடு ஒரு தாள் வந்திருக்கும். அதில் எஃப்எஸ் (வூஃபர் இயல்பாக அதிரும் சுருதி), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), விஏஎஸ் (வூஃபரின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் முழுமையாக்கிய கணக்கு இது. அதற்கு முன்பு பெட்டி செய்வது பெரும்பாலும் செய்து பார்த்துத் திருத்தும் வேலையாக இருந்தது. க்யூடிஎஸ் 0.4க்கு மேலே இருந்தால் குழாய் இல்லாத மூடிய பெட்டி, கீழே இருந்தால் குழாய் வைத்த பெட்டி என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். தாளே வரவில்லை என்றால் மூடிய பெட்டியாகச் செய்யுங்கள், அதில் கெடுவது குறைவு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வெளி அளவு உயரம் 35, அகலம் 20, ஆழம் 25 செ.மீ. பலகைக் கனத்தைக் கழித்தால் உள்ளே 11 லிட்டர். இதை 50 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, உள்விட்டம் 5 செ.மீ. குழாய் என்றால் 18 செ.மீ. நீளம் வேண்டும். அது பின்பலகையில் போய் முட்டப் பார்க்கும். 4 செ.மீ. குழாய் என்றால் 11 செ.மீ. போதும், இடமும் தாராளம். பிளம்பிங் பிவிசி குழாயே நல்லது. வாய் ஓரத்தை உப்புத்தாளால் உருட்டி விடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் வரும்போது காற்று ஊதும். உங்கள் தாளில் உள்ள எண்களை எழுதி அனுப்பினால் அதற்கேற்ற அளவைப் போட்டுத் தருகிறேன்.

மூட்டுகளை உள்பக்கமாகவும் பசை போட்டு அடையுங்கள். மூடியபின் பேஸ் உள்ள பாட்டைப் போட்டு, ஊதுபத்தியை மூட்டு ஓரமாகக் கொண்டு போங்கள். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை இருக்கிறது.

பெட்டிக்குள் இருந்த கிராஸ்ஓவர் போர்டு கெட்டுப்போனது. பழுது பார்த்தவர் அதை எடுத்துவிட்டு டுவீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று மட்டும் போட்டார். இரண்டாவது டுவீட்டரும் எரிந்துவிட்டது. டுவீட்டர் தரமில்லாததா?
வாசகர், பாலக்கோடு

டுவீட்டர் மேல் குற்றமில்லை. 8 ஓம் டுவீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்றால் 2,000 ஹெர்ட்ஸிலேயே வேலையை அதன் தலையில் கட்டியாகிவிட்டது. தனிக் கண்டென்சர் வெட்டும் வேகமும் குறைவு. 1,000 ஹெர்ட்ஸில்கூட 7 டெசிபல்தான் தணியும். முடியைவிடச் சற்றே தடித்த கம்பியில் சுற்றிய அந்த வாய்ஸ் காயில் எப்படித் தாங்கும்? 3.3 மைக்ரோஃபாரட் என்றால் 6,000 ஹெர்ட்ஸ், எரியாது. ஆனால் வூஃபருக்கும் அதற்கும் நடுவில் பள்ளம் விழும்.

சரியான வழி, கம்பிச்சுருளும் (காயில்) கண்டென்சரும் உள்ள முழு போர்டு. கெட்ட போர்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் அதிலுள்ள மதிப்புகளைப் படித்து அதே மதிப்பில் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். பாகங்கள் பெங்களூரு எஸ்பி ரோட்டில் கிடைக்கும். கண்டென்சர் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) வகையா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேலே முறுக்காதீர்கள். ஒலி உடைந்து கரகரத்தால் அந்தக் கரகரப்பின் சக்தி நேராக டுவீட்டருக்குத்தான் போகும்.

ஸ்டுடியோக்களில் வெள்ளைக் கோன் வைத்த யமஹா ஸ்பீக்கர் பார்த்தேன். வீட்டுக்கு வாங்கலாமா?
கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

என்எஸ்-10. 1978இல் வீட்டுக்கென்றே வந்தது. வீட்டில் எடுபடவில்லை, ஸ்டுடியோவில் நிலைத்துவிட்டது. நடுப்பகுதியின் குறைகளை அது ஒளிக்காமல் காட்டும். மேல் பகுதி காதில் உறைக்கிறது என்று டுவீட்டரின் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வேலை செய்த ஒலிப்பதிவாளர்கள் உண்டு. பாட்டு மிக்ஸ் செய்யப் போகிறீர்கள் என்றால் கிடைத்தால் எடுங்கள். மாலையில் பாட்டு கேட்க வேறு பாருங்கள் தம்பி.

இருபது வருட ஸ்பீக்கர். வூஃபர் ஓரத்து ஸ்பாஞ்ச் தொட்டாலே உதிர்கிறது. மாற்றலாமா, தூக்கிப் போடலாமா?
வாசகர், ஊத்தங்கரை

மாற்றலாம். ஃபோம் ஓரம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் தானாகவே இற்றுப்போகும். கோனும் வாய்ஸ் காயிலும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கோனை இரண்டு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசல் இல்லாமல் போய் வந்தால் காயில் நல்லபடியாக இருக்கிறது. அதே அளவு ரப்பர் ஓரம் போடச் சொல்லலாம், ஆனால் கனமான ரப்பர் போட்டால் பேஸ் மாறிவிடும், மெல்லியதாகக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டையும் ஒரே நாளில், ஒரே சரக்கில் மாற்றுங்கள். அதுவரை அந்தச் செட்டில் பாட்டுப் போட வேண்டாம், வாய்ஸ் காயில் ஒரு பக்கம் சாய்ந்து உரசிவிடும்.